நாதன், எஸ். ஆர். (1924–2016)

செல்லப்பன் ராமநாதன் (3 ஜூலை 1924 – 22 ஆகஸ்ட் 2016) சிங்கப்பூரின் ஆறாவது அதிபர். 1999 செப்டம்பர் 1 முதல் 2011 ஆகஸ்ட் 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார். அந்நாட்டில் அவ்வளவு காலம் அதிபராக இருந்தவர் வேறு எவருமில்லை. அதற்கு முன் சமூகப் பணியாளர், தொழிற்சங்க ஆய்வாளர், உளவுத்துறைத் தலைவர், தூதர் எனப் பல துறைகளில் பணியாற்றினார். எட்டு வயதில் தந்தையை இழந்து, பள்ளியிலிருந்து இருமுறை வெளியேற்றப்பட்டு, பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனவர் இவர் என்பதால், இடர்களினூடே வளர்ந்த மனிதர்களைப் பற்றிய பேச்சில் இவர் பெயர் சிங்கப்பூரில் தவறாமல் வரும்.

இளமை

சிங்கப்பூரில் பிறந்த நாதனின் சிறு வயது ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் கழிந்தது. தந்தை செல்லப்பன், ரப்பர்த் தோட்டங்களுக்குச் சட்டப்பணி செய்துவந்த ஓர் அலுவலகத்தில் எழுத்தர். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தபோது மலாயாவில் தோட்டத் தொழிலாளர் முதல் எழுத்தர்வரை பலர் பிழைப்பை இழந்தனர். கடன் சுமை தாங்காமல் செல்லப்பன் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தாய் அபிராமி பிள்ளைகளுடன் உறவினர் ஆதரவில் வாழ வேண்டியதாயிற்று.

ஆங்கிலோ சீனப் பள்ளி, இன்றைய லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள ரங்கூன் ரோட்டுப் பள்ளி, விக்டோரியா பள்ளி என நாதனின் படிப்பு இடம் மாறிக்கொண்டே இருந்தது. தாயுடன் ஏற்பட்ட சச்சரவில் வீட்டை விட்டு வெளியேறியதோடு அது நின்றும்போனது. பிறகு கிடைத்த சிறு வேலைகளைச் செய்து பிழைத்தார். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் (1942–1945) ஜப்பானிய மொழியைக் கற்று, சிவில் போலீசில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஆயிரக்கணக்கான மலாயாத் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த காலம் அது. ஜப்பானியரிடம் பார்த்த அந்த மொழிபெயர்ப்பாளர் வேலையைத் தம் வாழ்க்கை வரலாற்றில் நாதன் மறைக்கவில்லை.

மூவாரில் அறிமுகமான உர்மிளா என்ற வங்காளப் பெண்ணை மணக்க அவர் 16 ஆண்டுகள் காத்திருந்தார். மொழியும் இனமும் வேறு என்பதால் எழுந்த குடும்பத் தடைகள் நீங்கி, 1958இல் திருமணம் நடந்தது.

மீண்டும் படிப்பு

போருக்குப் பின் எழுத்தராக வேலை செய்துகொண்டே அஞ்சல்வழிப் பாடங்கள் மூலம் பள்ளிப்படிப்பை முடித்தார். சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகம் 1952இல் சமூகப் பணிக்கான பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அதில் சேர்ந்து 1954இல், முப்பது வயதில், சிறப்புத் தேர்ச்சி பெற்றார்.

துன்பமே நாதனை உருவாக்கியது என்று சொல்வோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அதே வறுமையிலும் போரிலும் சிக்கிய எத்தனையோ பேர் மேலெழவே இல்லை. நாதனின் விடாமுயற்சி பெரிது. ஆனால் வேலை பார்ப்பவன் படிக்க ஓர் அஞ்சல் பாடமும், வயது கடந்தவனை ஏற்றுக்கொள்ள ஒரு பல்கலைக்கழகமும் இருந்ததால்தான் அந்த முயற்சி பலித்தது.

கடலோடிகளிடையே

1955இல் மருத்துவ சமூகப் பணியாளராகச் சேர்ந்த அவர், அடுத்த ஆண்டே கடலோடிகள் நல அதிகாரி ஆனார். இவர் வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் இக்காலத்தை இரண்டு வரியில் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில் அவரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடமில்லை. அக்காலத்தில் கப்பலில் வேலை வேண்டுமென்றால் தரகர்களின் தயவு வேண்டும். கப்பலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் நெரிசலான விடுதிகளில் தங்கிக் கடன்பட்டு, பிறகு கிடைக்கும் சம்பளத்திலும் ஒரு பங்கைத் தரகருக்கு அழுதாக வேண்டும். கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை எட்டு வயதிலேயே கண்டவர், அதே கடனில் சிக்கியவர்களின் முறையீட்டைக் கேட்கும் நாற்காலியில் இப்போது அமர்ந்திருந்தார். இந்த அனுபவங்களுக்கென்றே 2010இல் ‘வொய் ஆம் ஐ ஹியர்?’ என்ற நூலை எழுதினார்.

1962 முதல் 1966 வரை தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் ஆய்வுப் பிரிவில் பணிபுரிந்தார். முதலாளிகளுடன் பேச்சுவார்த்தைக்குச் செல்லும் சங்கங்களுக்கு வேண்டிய கணக்குகளையும் வாதங்களையும் திரட்டித் தருவது அப்பிரிவின் வேலை.

அரசுப் பணி

1966இல் வெளியுறவு அமைச்சிலும், 1971இல் உள்துறை, தற்காப்பு அமைச்சுகளிலும் பொறுப்பேற்றார். 1974 ஜனவரி 31 அன்று ஜப்பானியச் செம்படையையும் பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியையும் சேர்ந்த நால்வர் புலாவ் புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையைத் தாக்கிவிட்டு, ‘லாஜு’ என்ற படகைக் கைப்பற்றி அதன் ஊழியர்களைப் பிணை பிடித்தனர். பிணையாளிகள் விடுபட வேண்டுமானால் அதிகாரிகள் சிலர் அந்த நால்வருடன் விமானத்தில் செல்ல வேண்டியிருந்தது. நாதன் தலைமையில் 13 பேர் பிப்ரவரி 8 அன்று குவைத்துக்குப் பறந்து, பத்திரமாகத் திரும்பினர்.

1979 முதல் 1982 வரை வெளியுறவு அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளராகவும், பின்னர் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத் தலைவராகவும், மலேசியாவில் தூதராகவும், 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் தூதராகவும் இருந்தார். 1983–1988 ஆண்டுகளில் இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவர் அவரே. சிராங்கூன் ரோட்டில் தைப்பூசக் காவடிகள் புறப்படும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவில் அவ்வாரியத்தின் நிர்வாகத்தில் உள்ளது.

அதிபர்

1999, 2005 தேர்தல்கள் இரண்டிலும் போட்டியின்றித் தேர்வானார். வாக்களிக்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டவில்லை என்ற குறை அப்போது எழுந்தது. அது நியாயமான குறையே. 2000இல் அவர் தொடங்கிய ‘அதிபர் சவால்’ என்னும் நிதித் திரட்டு, ஆண்டுதோறும் அறநிறுவனங்களுக்கு உதவி வருகிறது. 2009இல் உலக நிதி நெருக்கடி சிங்கப்பூரைத் தாக்கியபோது, நாட்டின் சேமிப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க ஒப்புதல் அளித்தார். கடந்தகாலச் சேமிப்பு அவ்வாறு திறக்கப்பட்டது அதுவே முதன்முறை. அதன் பெரும்பகுதி, ஊழியர்களை வேலையிலிருந்து நீக்காமல் வைத்திருக்க முதலாளிகளுக்கு வழங்கும் மானியத்திற்குப் போயிற்று. ஒரு மந்தக் காலத்தில் தந்தையைப் பறிகொடுத்தவரின் கையெழுத்து அதில் இருக்கிறது.

மறைவும் நினைவும்

2016 ஜூலை இறுதியில் பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நாதன், ஆகஸ்ட் 22 அன்று 92 வயதில் காலமானார். 26ஆம் தேதி நடந்த அரசு இறுதிச் சடங்கில், ‘பொற்காலம்’ படத்தில் வரும், அவர் விரும்பிக் கேட்ட ‘தஞ்சாவூரு மண்ணு எடுத்து’ பாடல் ஒலித்தது. அவரது வாழ்க்கை வரலாறு ‘ஆன் அனெக்ஸ்பெக்டட் ஜர்னி’ 2011இல் வெளிவந்தது. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் மனித மேம்பாட்டுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. வசதி குறைந்த மாணவர்களின் படிப்பைத் தொடரச் செய்வதற்கான ஒரு கல்வி நிதியும் அவர் பெயரில் இயங்குகிறது.