பேழையைச் சூழ்ந்த பெண்கள்

மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். கைத்தடி பாம்பானதும், கடல் பிளந்ததும், தூர் மலையில் இறைவன் பேசியதும் மக்தபில் ஓதும் சிறுவர்க்கும் தெரியும். ஆயினும் அந்த நபி பச்சிளங் குழந்தையாய் இருந்தபோது அவரைச் சாவினின்றும் காத்தவர் யாவர் என்று வினவினால் நம்மில் பலர் சற்றே தயங்குவர். காத்தவன் அல்லாஹ், அதற்கு அவன் கருவியாகக் கொண்டவர்கள் அனைவரும் பெண்கள். யூதரும் கிறிஸ்தவரும் ஓதும் தவ்ராத்திலும், நம் திருமறையிலும் இச்செய்தி விரிவாக இடம்பெற்றுள்ளது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடைய கல்வியாகும்.

தவ்ராத்தின் இரண்டாம் பாகமாகிய யாத்திராகமம் இரு மருத்துவச்சிகளைக் கொண்டு இவ்வரலாற்றைத் தொடங்குகிறது. தமிழ் விவிலியத்தில் அவர்கள் பெயர் சிப்பிராள், பூவாள். எபிரேயர் பல்கிப் பெருகுவது கண்டு அஞ்சிய எகிப்திய மன்னன், பிறக்கும் ஆண் மகவை மகப்பேற்றின்போதே கொன்றுவிடுமாறு இவ்விருவருக்கும் ஆணையிட்டான். இறைவனுக்கு அஞ்சிய அவர்கள் அதைச் செய்யவில்லை. மன்னன் அழைத்துக் காரணம் கேட்டபோது, "எபிரேயப் பெண்கள் வலிமை மிக்கவர்கள், நாங்கள் போய்ச் சேருமுன்பே பெற்றுவிடுகிறார்கள்" என்னும் கருத்துப்பட விடையிறுத்தனர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. அம்மன்னனின் பெயரை அந்நூல் குறிப்பிடவில்லை. அவன் எந்த ஃபிர்அவ்ன் என்று ஆராய்ச்சியாளர் இன்றளவும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். மருத்துவச்சியர் இருவரின் பெயரோ அழியாமல் நிற்கிறது. நியூயார்க் நகரின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் பழைய எகிப்திய ஏடு ஒன்று உள்ளது. அதில் காணும் ஆசியப் பணியாளர் பட்டியலில் சிப்பிராள் என்பதை ஒத்த பெண்பெயர் ஒன்று இடம்பெற்றிருக்கிறது. அதே பெண் என்று கூறுவதற்கில்லை. அத்தகைய பெயர் பண்டை எகிப்தில் வழங்கியது என்பதற்கு அது சான்றாகும்.

அவர்கள் எபிரேயப் பெண்களா, எபிரேயருக்குப் பேறுகாலம் பார்த்த எகிப்தியப் பெண்களா? மூலத்திலுள்ள எபிரேயச் சொற்றொடர் இருவகையாகவும் பொருள்படும். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசிபஸ், அவர்களை எகிப்தியர் என்றே கொண்டார். அது உண்மையாயின், வேற்று இனத்தாரின் குழந்தைகளுக்காகத் தம் மன்னனின் ஆணையையே மறுத்தவர்கள் ஆவர்.

நம் திருமறை இம்மருத்துவச்சியரைக் குறிப்பிடவில்லை. அது நேரே மூஸா நபியின் அன்னையிடம் நம்மை அழைத்துச் செல்கிறது. தவ்ராத்து அவ்வன்னையின் பெயரை யோகெபேத் எனக் கூறும். மூன்று மாதம் ஒளித்து வைத்திருந்து, இனி இயலாது என்றானபின், நாணலால் பெட்டி செய்து கீல் பூசி, ஆற்றோரத்தில் அவர் விட்டார் என்பது அந்நூலின் செய்தி. அப்பெட்டிக்கு எபிரேயத்தில் வழங்கும் 'தேபா' என்னும் சொல், நூஹ் நபியின் கப்பலுக்கும் இதற்குமன்றித் தவ்ராத்தில் வேறெதற்கும் ஆளப்படவில்லை. குர்ஆன் இதனைத் தாபூத் என்கிறது.

கஸஸ் அத்தியாயத்தில் இறைவன் அத்தாயின் உள்ளத்தில் அறிவிப்பதைக் காண்கிறோம். அவ்வொரு வசனத்தினுள் இரு கட்டளைகளும், இரு விலக்கல்களும், இரு வாக்குறுதிகளும் அமைந்திருப்பதை அரபு மொழி வல்லார் வியந்து எடுத்துக்காட்டுவர். பாலூட்டு, ஆற்றில் விடு என்பன கட்டளைகள். அஞ்சாதே, வருந்தாதே என்பன விலக்கல்கள். மீட்டுத் தருவோம், தூதராக்குவோம் என்பன வாக்குறுதிகள். வாக்குறுதி பெற்ற பின்பும் அத்தாயின் நெஞ்சம் வெறுமையுற்றதைத் திருமறை மறைக்கவில்லை. இறைவன் அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்தியிராவிடில் அவர் உண்மையை வெளியிட்டிருப்பார் என்கிறது. ஈமான் உடையோர்க்குத் துயரமே வாராது என்று எண்ணுவோர் இவ்விடத்தைக் கருத்தூன்றி ஓதுதல் வேண்டும்.

அடுத்தவள் அக்குழந்தையின் சகோதரி. யாருமறியாமல் தொலைவில் நின்று நோக்கியவள், குழந்தை எந்தச் செவிலியின் பாலையும் ஏற்காதபோது, "பொறுப்பேற்கும் குடும்பம் ஒன்றைக் காட்டட்டுமா?" என்று கேட்கிறாள். தாயிடமே சேய் மீள்கிறது. ஆற்றிலிருந்து எடுத்தவள் யார் என்பதில் மட்டும் இரு வேதங்களும் வேறுபடுகின்றன. தவ்ராத்து ஃபிர்அவ்னின் மகள் என்கிறது. எடுத்த குழந்தையைக் கொல்ல வேண்டாம் என்று தடுத்தவள் அவன் மனைவி என்கிறது குர்ஆன். ஹதீஸ்களில் அவர் பெயர் ஆசியா. தஹ்ரீம் அத்தியாயம் அவரை நம்பிக்கை கொண்டோர்க்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. அங்கே பெண்களுக்கு என்று பிரித்துக் கூறப்படவில்லை. ஆடவரும் அவரிடம் ஈமானைக் கற்க வேண்டியவரே.

இவ்வரலாறு தவ்ராத்தின் வழியாகத் தமிழுக்கு வந்ததும் நினைக்கத்தக்கது. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டைத் தொடக்கத்திலிருந்து தமிழாக்கி வந்து, 1719 இல் மறைந்தார். அவர் முடித்திருந்த கடைசி நூல் ரூத். அதுவும் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய நூலே. எஞ்சியவற்றைச் சூல்சே என்பவர் நிறைவு செய்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஃபிர்அவ்ன் ஆண் மகவைக் கொன்று பெண் மகவை விட்டுவைத்தான். இங்கே நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு. கல்வராயன் மலையின் கீழ்ச்சரிவில் கள்ளக்குறிச்சியும் மேற்கே சேலம் மாவட்டமும் அமைந்துள்ளன. அச்சேலம் மாவட்டத்தில்தான் 1992 இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க, வேண்டாதோர் குழந்தையைத் தொட்டிலில் இட்டுச் செல்லலாம் என்று அரசே அறிவிக்கும் நிலை வந்தது. கோமுகி ஆறு பாயும் கள்ளக்குறிச்சிச் சீமையில் வாழ்வோர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. மலைக்கு அப்புறத்துச் செய்தி. நைல் நதியின் பேழையை ஒரு தாய் தன் மகனைக் காக்கச் செய்தாள். சேலத்துத் தொட்டிலோ, பெண் மகவை அதன் வீட்டாரிடமிருந்து காக்க வைக்கப்பட்டது.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேரே இருந்தனர். கருவிலுள்ளது ஆணா பெண்ணா என்று அறிவிப்பதை 1994 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சிப்பிராளும் பூவாளும் நின்ற இடத்தில் இன்று நிற்பவர் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். அவரிடம் வந்து கேட்பவன் மன்னன் அல்லன். குழந்தையின் தந்தையோ பாட்டியோ ஆவர்.

இது பிற சமயத்தார் குறை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் மகவு மறுமையில் வினவப்படும் என்று ஓதும் சமுதாயம் நாம். குழந்தையைக் கொல்வதை நாம் ஹராம் என்கிறோம்; அக்கொலைக்கு வழிகோலும் கைக்கூலியை மட்டும் ஊர் வழக்கம் என்கிறோம். மஹர் கொடுத்து மணக்க வேண்டியவன் கை நீட்டிப் பெறுகிறான். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுக்கும் தந்தையைத் திருமறை இடித்துரைக்கிறது. அம்முகக் கறுப்புக்கு இன்று நம் தெருக்களில் காரணம் கைக்கூலியே அன்றோ?

நம் பெண் மக்களுக்கு ஆசியா என்று பெயர் சூட்டுகிறோம். அப்பெயருக்குரியவர் கொடுங்கோலன் ஒருவனின் அரண்மனையிலேயே இருந்துகொண்டு, ஒரு குழந்தைக்காக அவனைத் தடுத்துப் பேசியவர் என்பதையும் அவர்களுக்குக் கூறுவோம். நிக்காஹ் பேசும் அவையில் கைக்கூலித் தொகை கூறப்படும்போது, அவ்வீட்டின் தாயும் சகோதரியும் அதனை மறுத்துரைக்கும் துணிவைப் பெறுவார்களாயின், ஓதிய வேதத்தின் பயனை நாம் அடைந்தவராவோம். அல்லாஹ் அத்துணிவை நம் இல்லங்களுக்கு அருள்வானாக!