எலும்புக்கரியும் எமது சைவமும்: கொல்லாமையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற இதழில் மச்சம், சைவம் பற்றி வெளியான இரு கடிதங்களும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினாலும் அடிப்படையில் ஒரே இடத்தில் நிற்பவை. கொல்லாமை தமிழரின் தொன்மையான அறம் என்றும், புலம்பெயர்ந்த மண்ணில் எமது பிள்ளைகள் அதை இழந்து வருகிறார்கள் என்றும் முதலாவது கடிதம் வருந்துகிறது. சைவச் சாப்பாடு சாதிமானின் அடையாளம், ஆகவே மாட்டிறைச்சி உண்பதே எதிர்ப்பு என்கிறது இரண்டாவது. இரண்டு கடிதங்களிலும் மாடு இல்லை. அதை அறுக்கும் மனிதரும் இல்லை.

நான் ஊரில் வரலாறு கற்பித்தவன். இப்போது ரெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்ரனுக்குத் தென்மேற்கே உள்ள சுகர் லேண்ட் நகரில் வசித்துக்கொண்டு, உறைந்த உணவுகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். இவ்விவாதத்தில் நான் முன்வைக்க விரும்புவது ஒன்றுதான்: கொல்லாமை பற்றிய எமது சமூகத்தின் அக்கறை பெரும்பாலும் கொலையைத் தவிர்ப்பதாக இருக்கவில்லை. கொலை கண்ணிற் படாமலும், அதைச் செய்யும் கை வீட்டுக்குள் வராமலும் பார்த்துக்கொள்வதாகவே அது இருந்து வந்திருக்கிறது. இந்த வழக்கம் எமக்கு மட்டும் உரியதல்ல. நான் வாழும் நகரின் வரலாறும் அதையே சொல்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

2

சுகர் லேண்ட் என்றால் சீனி நிலம். இங்கிருந்த இம்பீரியல் சீனி நிறுவனம் தன் தொடக்கத்தை 1843 வரை கொண்டுபோகும். சுத்திகரிப்பு ஆலை 2003இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் 1925இல் எழுப்பப்பட்ட எட்டு மாடிச் செங்கற் கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் பெயர் கரி வீடு. அங்கிருந்தது விறகுக்கரி அல்ல, எலும்புக்கரி. மாட்டெலும்பைக் காற்றுப் புகாத சூளையில் கடும் வெப்பத்தில் கருக்கி, துகளாக்கி, உயரமான தொட்டிகளில் நிரப்பிவைப்பார்கள். மண்ணிறமான கரும்புப் பாகு அதனூடாக இறங்கும்போது நிறத்தைக் கரி பிடித்துக்கொள்ளும். தெளிந்த பாகு கீழே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த முறைதான் வெள்ளைச் சீனியை உலகெங்கும் மலிவாக்கியவற்றுள் ஒன்று. பீற்றூட் கிழங்குச் சீனிக்கு எலும்புக்கரி தேவையில்லை. கரும்புச் சீனி ஆலைகளிலும் இன்று பல வேறு வடிகட்டிகளுக்கு மாறிவிட்டன, சில மாறவில்லை.

சீனியில் எலும்பு கலந்திருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் விரதத்துக்குச் செய்யும் சர்க்கரைப் பொங்கலில் முட்டை பட்ட கரண்டி பட்டாலே தோஷம் என்று கருதும் எம்மவர், அதே விரதநாளில் தேநீருக்குப் போடும் சீனி எதனூடாக வடிந்து வந்தது என்று கேட்டதில்லை. 1905இல் வங்காளத்துச் சுதேசி இயக்கத்தின்போது இக்கேள்வி எழுந்தது. வெளிநாட்டுச் சீனி எலும்பால் சுத்திகரிக்கப்படுவது, ஆகவே அது தீட்டு என்ற பிரச்சாரம் அந்நியப் பொருட் பகிஷ்காரத்துக்குப் பயன்பட்டது. அங்கும் பேசுபொருள் உண்பவரின் தூய்மைதான். அந்த எலும்புக்குரிய மாடு எப்படி வாழ்ந்து எப்படிச் செத்தது என்பதல்ல.

எலும்பு பற்றிய கதை இந்நகரில் அத்துடன் முடியவில்லை. 1865இல் அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக வழங்கப்படும் கட்டாய உழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. அந்தச் சந்து வழியாக 1878இல் கனிங்ஹாம், எல்லிஸ் என்னும் இரு தோட்ட முதலாளிகள் ரெக்சாஸ் மாநிலத்தின் சிறைக்கைதிகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவரான அக்கைதிகள் பிரசோஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கரும்புத் தோட்டங்களிற் செத்து மடிந்தார்கள். இந்தக் குத்தகை முறையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 1910இலேயே இயற்றப்பட்டது. 2018இல் ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது 95 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவர்களில் மிக இளையவருக்குப் பதினான்கு வயது அளவில் இருக்கும் என ஆய்வாளர் கணித்தனர். இங்கே புதைகுழிகள் உண்டு, தோண்டாதீர்கள் என்று ஆண்டுக்கணக்காக எச்சரித்து வந்தவர் ரெஜினால்ட் மூர் என்னும் முன்னாள் சிறைக்காவலர். அவரது பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை.

மாட்டின் எலும்பையும் மனிதரின் எலும்பையும் நான் ஒன்றாக்கவில்லை. இரண்டையும் பார்வையிலிருந்து அகற்றிய பிறகுதான் சீனி வெள்ளையாகியது என்பதையே சுட்டுகிறேன்.

3

இனி எமது பக்கம் வருவோம். தமிழர் ஆதிமுதல் புலால் மறுத்தவர் என்ற கூற்று வரலாற்றின்முன் நிற்காது. அந்தணரான கபிலர், இறைச்சி கலந்த சோற்றை உண்டதைப் புறநானூற்றில் வெட்கமின்றிப் பாடுகிறார். வேட்டைக்காரரான கண்ணப்பர் சிவனுக்கு இறைச்சி படைத்தவர். புலால் மறுத்தலைத் திருக்குறள் துறவறவியலில் வைக்கிறது. எனினும் அந்த அதிகாரத்தில் ஒரு கூர்மையான வாதம் உண்டு. தின்பவர் வாங்காவிட்டால் விற்பவர் விற்கமாட்டார் என்ற பொருள்பட வள்ளுவர் சொல்வது, கொல்லும் கைக்கும் உண்ணும் வாய்க்கும் நடுவிலுள்ள சந்தையைச் சுட்டிக்காட்டுவது. எமது பிற்காலச் சைவம் தீட்டை எடுத்துக்கொண்டு இந்தச் சந்தையை விட்டுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இதற்குரிய காலகட்டம் ஆறுமுக நாவலருடையது (1822-1879). பாதிரிமாரின் பிரச்சாரத்துக்கு எதிராகச் சைவத்தை நிமிர்த்த முனைந்த அவர், பாலபாடத்தின் வழியே கொலையையும் புலாலுண்ணலையும் பாவமெனப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். கோயில்களில் உயிர்ப்பலி இடுவதைச் சாடினார். இவ்வளவுக்கும், கண்ணப்பர் கதையைக் கொண்ட பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டவரும் அவரே. அவர் உயிர்ப்பலியை எதிர்த்ததில் உண்மையான இரக்கம் இருந்தது என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்ட சமூகத்தில் அந்த இரக்கம் விழுந்தபோது, அது உண்பவரைத் தரம்பிரிக்கும் அளவுகோலாயிற்று. கள்ளும் மாட்டிறைச்சியும் சிலரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்துவதற்கான நியாயங்களாயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடும்படி போராடியபோதும், தூய்மை என்ற சொல்லே கதவை அடைத்து நின்றது.

இத்தனைக்கும் யாழ்ப்பாணத்துச் சாதிமான்களிற் பெரும்பான்மையினர் மரக்கறி மட்டும் உண்பவர்கள் அல்லர். வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் மச்சச் சட்டி பரணில் ஏறும், பிறகு இறங்கும். தீபாவளிக்குப் பங்கு இறைச்சி எடுப்போம். செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர் தீண்டத்தகாதவர். அந்த மாட்டின் தோலைப் போர்த்த பறையோ கோயிலுக்கு வேண்டும். மிருதங்கத்துக்கும் பசுத்தோல் வேண்டும். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி ரி. எம். கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டுக்கு, சென்னைக் கலாக்ஷேத்திரா 2020இல் முதலில் மண்டபம் தந்துவிட்டுப் பிறகு மறுத்தது. மிருதங்கத்தின் ஓசைக்குத் தடை இல்லை, தோலைப் பற்றிய பேச்சுக்குத்தான் தடை.

4

இரண்டாவது கடிதக்காரர் இதுவரை என்னுடன் உடன்படுவார் என எண்ணுகிறேன். ஆனால் அவர் எதிர்ப்பின் சின்னமாகக் காட்டும் மாட்டிறைச்சி எங்கிருந்து வருகிறது?

1865 நத்தார் தினத்தன்று சிக்காகோவில் திறக்கப்பட்ட கால்நடைச் சந்தை, ரெக்சாஸ் மாடுகளை ரயிலேற்றிக்கொண்டுவந்து கொல்லும் உலகப் பேராலையாக வளர்ந்தது. அங்கே உடல் தலைகீழாகத் தொங்கியபடி நகரும். தொழிலாளி நின்ற இடத்தில் நின்று ஒரே வெட்டை நாள் முழுவதும் வெட்டுவான். மோட்டார் வண்டியைப் பூட்டும் நகரும் வரிசைக்கான யோசனை இந்த ஆலைகளிலிருந்தே வந்தது என்று ஹென்றி ஃபோர்ட் எழுதியிருக்கிறார். இன்று உலகின் எந்தத் தொழிற்சாலையில் வரிசையில் நிற்பவரும் ஒரு வகையில் அந்த மாட்டின் முன்னால் நிற்பவர்தான். 1906இல் அப்ரன் சின்கிளயர் அந்தத் தொழிலாளரின் அவலத்தை நாவலாக்கினார். வாசித்த மத்தியதர வர்க்கம் தொழிலாளிக்காக அழவில்லை, தன் வயிற்றை நினைத்துப் பயந்தது. அதே ஆண்டு இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. வேலை நேரமும் கூலியும் அப்படியே கிடந்தன.

1958இல் இயற்றப்பட்டு 1978இல் விரிவாக்கப்பட்ட சட்டமொன்று, மாடு பன்றி முதலியவற்றை வதைக்காமல், உணர்விழக்கச் செய்தபின் அறுக்கவேண்டும் என்கிறது. கோழிக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆண்டொன்றுக்கு இந்நாட்டில் அறுக்கப்படும் கோழிகளோ 900 கோடிக்கு மேல். கரி வீடு கட்டப்பட்ட அதே 1925இல் ஒரு கோழி இரண்டரை இறாத்தல் எடையுடன் சந்தைக்கு வர 112 நாட்கள் எடுத்தது. இப்போது ஏறத்தாழ 47 நாட்களில் ஆறு இறாத்தலைத் தாண்டுகிறது. நெஞ்சிறைச்சி வளரும் வேகத்துக்குக் காலெலும்பு ஈடுகொடுக்காமல் பல கோழிகள் நடக்க முடியாது முடங்குகின்றன. ஆலையில் வரிசையின் வேகம் நிமிடத்துக்கு 140 கோழிகள் என்றும், அனுமதி பெற்ற ஆலைகளில் 175 வரை என்றும் நிர்ணயிக்கப்பட்டு வந்தது.

அந்த வரிசையில் நிற்பவர்கள் யார்? அகதிகளான நாம் கவனிக்கவேண்டிய இடம் இது. 2006 டிசம்பர் 12ஆம் திகதி ஆறு மாநிலங்களில் ஒரே நிறுவனத்தின் இறைச்சி ஆலைகளைக் குடிவரவு அதிகாரிகள் சுற்றிவளைத்து ஏறத்தாழ 1,300 தொழிலாளரைக் கைது செய்தனர். வட ரெக்சாஸின் கக்ரஸ் என்னும் சிற்றூர் ஆலையும் அவற்றுள் ஒன்று. வெறுமையான இடங்களுக்குப் பர்மாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்த அகதிகள் அழைத்துவரப்பட்டார்கள். சட்டப்படி வேலை செய்யும் உரிமை உண்டு, மொழி தெரியாது, வேறு வேலையும் கிடையாது. இதைவிட வசதியான தொழிலாளி யாருக்குக் கிடைப்பான்? 2020 ஏப்ரல் 28இல், தொற்று பரவிக்கொண்டிருந்தபோது, இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்கவேண்டுமென ஜனாதிபதி ஆணை பிறந்தது. ஐந்து பெரிய நிறுவனங்களில் மட்டும் குறைந்தது 59,000 தொழிலாளர் நோயுற்றதாகவும் 269 பேர் இறந்ததாகவும் 2021இல் காங்கிரஸ் உபகுழு அறிவித்தது.

என் வரிசையில் நிற்கும் பர்மிய அகதிப் பெண்ணொருவர் வடக்கே ஓர் ஆலையில் மூன்று ஆண்டுகள் இறைச்சி வெட்டியவர். காலையில் விரல்களை வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்திய பிறகே அவரால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடிகிறது. அவர் பௌத்தர். கொல்லாமை அவருக்கும் முதற் சீலம்.

5

அப்படியாயின் தடைச்சட்டங்கள் தீர்வாகுமா? நடந்தவற்றைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தின் 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச்சட்டத்தை 2003இல் ஜெயலலிதா அரசு தூசுதட்டி எடுத்தது. கிராமத் தெய்வங்களை வழிபடும் மக்களின் எதிர்ப்பின் பின், 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. இடைக்காலத்தில் எந்த இறைச்சிக் கடையும் மூடப்படவில்லை. 2011இல் முன்னேஸ்வரத்தில் பலிக்கு வந்த ஆடுகளை அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களுடன் வந்து ஏற்றிச்சென்றார். 2013இல் கண்டியில் மாடறுப்புக்கு எதிராகப் பிக்கு ஒருவர் தீக்குளித்தார். அதே காலத்தில் அதே கோஷம் முஸ்லிம் மக்களுக்கு எதிரான ஆயுதமாகியது. 2017 ஒக்ரோபரில், சைவ அமைப்பொன்று தொடுத்த வழக்கில், யாழ்ப்பாணக் கோயில்களில் வேள்வியை மேல் நீதிமன்றம் தடைசெய்தது. 2020 செப்ரெம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுப்புத் தடைக்கு இணங்கியபோது, உண்பவர்களுக்கு மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யவும் சேர்த்தே தீர்மானித்தது. கொலையை நிறுத்தாமல் கடலுக்கு அப்பால் அனுப்பும் தீர்மானம் அது. வேறு எதுவும் இவ்வளவு தெளிவாக எமது அறத்தைக் காட்டிக்கொடுத்ததில்லை.

வேள்வியை நான் ஆதரிப்பவன் அல்லன். வெட்டுப்படும் கிடாய்க்கு அது தெய்வத்துக்கா தீபாவளிக்கா என்ற வேறுபாடு இல்லை. ஆனால் பலாவிலையும் முருக்கங்குழையும் ஒடித்துப் போட்டு ஒரு வருடம் வளர்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய உயிர் என்று தெரிந்திருந்தது. வாசலில் அவன் கண் கலங்குவதும் உண்டு. 47 நாட் கோழிக்குக் கண் கலங்குவதற்கு ஒருவரும் இல்லை. எமது சைவப் பெரியார்கள் கிடாய்க்காக நீதிமன்றம் போகிறார்கள். கூண்டுக் கோழிக்காகப் போவதில்லை. ஏனெனில் கிடாயை வெட்டுபவன் கண்ணுக்குத் தெரிகிறான், அவனுக்குச் சாதி உண்டு.

6

எனவே முதற் கடிதக்காரருக்கு: கொல்லாமை உங்களுக்கு உண்மையான அக்கறையாயின், அடுத்தவர் கோயிலில் தொடங்காதீர்கள். எமது கலைவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் தலைக்கு இவ்வளவு என்று மலிவுக் கோழி கேட்டுப் பேரம் பேசுகிறோமே, அங்கே தொடங்குங்கள். இரண்டாவது கடிதக்காரருக்கு: ஒடுக்கப்பட்டவன் தன் தட்டில் எதை உண்பதென்று மற்றவன் கட்டளையிட முடியாது என்பதில் உங்களுடன் நிற்கிறேன். ஆனால் பேரங்காடியில் பொலித்தீன் சுற்றி வைத்திருக்கும் மாட்டிறைச்சியை வாங்குவது எதிர்ப்பாகிவிடாது. அதை வெட்டியவரும் ஒடுக்கப்பட்டவர், பெரும்பாலும் எம்மைப் போன்ற அகதி.

எமது வீட்டில் மச்சம் உண்டு, முன்பைவிடக் குறைவு. இதை ஓர் அறமாக யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. உணவு பற்றிய அறம் உண்பவரின் தூய்மையில் தொடங்கினால் அது சாதியில் போய் முடியும் என்பதற்கு எமது வரலாறே சாட்சி. அது அறுபடும் உயிரிலும் அறுக்கும் கையிலும் ஒருங்கே தொடங்கவேண்டும். வரிசையின் வேகத்தைக் குறைக்கக் கேட்பது கோழிக்கும் நல்லது, தொழிலாளியின் விரலுக்கும் நல்லது. இரண்டு கோரிக்கைகளும் ஒரே கோரிக்கை. இதனால் விலை கூடும், உண்மைதான். அந்த விலையை இதுவரை யார் கொடுத்து வந்தார்கள் என்பதையும் சேர்த்து இவ்விவாதத்தை வாசகர்கள் தொடரவேண்டும்.