எக்ஸ்-கதிரும் ஏழு மணி நேர வேலையும்

வெருகலிலிருந்து திருக்கோணமலைப் பட்டினத்துக்குச் செல்வதென்றால் பாலங்கள் வருவதற்கு முன்னர் ஆற்றுக்கு ஆறு 'பாதை' ஏறவேண்டும். எங்கள் பகுதியில் பாதை என்பது நிலத்து வழியன்று. ஆட்களையும் வண்டிகளையும் சுமந்துகொண்டு நீரைக் கடக்கும் மிதவை. கங்கையிலும் இறால்குழியிலும் கிண்ணியாவிலும் இவ்வாறு காத்துக் காத்துக் கடக்கவேண்டும். இன்றேல் மூதூர் இறங்குதுறையில் லாஞ்சி ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்கவேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டிலும் ஏனைய பாலங்கள் 2011 ஆம் ஆண்டளவிலும் திறக்கப்பட்டன. உலகப் பேரரசுகள் கண்வைத்த துறைமுகம் ஒன்றைக் கொண்ட மாவட்டத்தில், வயல் வரம்பில் விழுந்து கையை முறித்துக்கொண்ட உழவர் ஒருவர், அந்தக் கையினுள் நேர்ந்தது யாதென அறிவதற்கு இத்தனை நீரைக் கடக்கவேண்டியிருந்தது.

அவர் தேடிச் சென்ற அந்தப் படமோ பிறக்கும்போதே உலகத்தார் அனைவருக்கும் பொதுவுடைமையாகப் பிறந்தது. இந்த முரண்பாட்டின் வரலாற்றையே இங்கு சொல்ல முற்படுகிறேன்.

1895 நவம்பர் 8 ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் கொன்ராட் றொண்ட்கன் என்ற பேராசிரியர் புதியதொரு கதிரைக் கண்டார். இன்னதென்று விளங்காமையால் அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். டிசம்பரில் தம் மனைவியின் கையெலும்புகளை, விரலில் கிடந்த மோதிரத்தோடு, படமாக்கினார். 1901 இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசுப் பணத்தைத் தம் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிவிட்டார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் கோடீஸ்வரராகியிருப்பார். அவர் பெறவில்லை. உலகின் ஆய்வுகூடங்கள் யாவும் அனுமதி கேளாமலே அந்தக் கருவியை அமைக்க முடிந்தது இதனாலேயே.

ஆயினும், உடைமையாளன் இல்லாத பொருளை முதலில் எடுத்துச் செல்பவன் வலியவன் அன்றோ? எத்தியோப்பியாவை அடிமைப்படுத்தப் போய்த் தோற்றுத் திரும்பிய இத்தாலியப் படையினருக்கு 1896 இலேயே நேப்பிள்ஸ் நகரில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டில், இந்தியாவின் வடமேற்கு எல்லையில் திராப் பள்ளத்தாக்கின் மலைவாழ் மக்களை அடக்கச் சென்ற பிரித்தானியப் படையோடு பீவர் என்ற இராணுவ மருத்துவர் ஒரு கருவியைக் கொண்டு சென்றார். சுட்டவனின் உடலில் தைத்த குண்டைத் தேடக் கருவி இருந்தது; சுடப்பட்ட மலைவாழ் மக்களுக்கு அது இருக்கவில்லை. முதலாம் உலகப் போரில் மேரி கியூரி அம்மையார் கதிர்ப்பட வண்டிகளைப் போர்முனைக்கு நடத்திச் சென்றதும், நூற்றைம்பது பெண்களுக்கு அத்தொழிலைப் பயிற்றியதும் வேறு வகையைச் சார்ந்தவை. கதிர்ப்படக் கல்வியின் வரலாற்றில் அந்தப் பெண்களின் வகுப்பறைக்கு நான் உயர்ந்த இடம் கொடுப்பேன்.

கதிரை எடுத்தாண்டவர்களை அக்கதிரே தின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சூடில்லை, பட்டபோது வலியுமில்லை. மருத்துவர்களும் உதவியாளர்களும் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கத் தத்தம் கைகளையே நாள்தோறும் கதிரின் முன் நீட்டினர். முதலில் தோல் சிவந்தது, பின்னர் வெடித்தது, ஆண்டுகள் கழிந்தபின் புற்றாயிற்று. எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904 இல் மாண்டார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார்.

இலண்டனில் 1897 இலும் அமெரிக்காவில் 1900 இலும் ஜெர்மனியில் 1905 இலும் கதிரியல் சங்கங்கள் தோன்றின. சங்கங்கள் இருந்தனவேயன்றிப் பொது அளவு இருக்கவில்லை. ஒருவர் இரசாயன வில்லையின் நிறமாற்றத்தைக் கொண்டு அளந்தார். இன்னொருவர் நோயாளியின் தோல் எவ்வளவு சிவந்தது என்பதையே அளவாகக் கொண்டார். மனிதத் தோலை அளவுகோலாக்கிய விஞ்ஞானம் அது. வியன்னாவில் 'சிறிதளவு' என்றது பாரிஸில் எவ்வளவு என்று எவரும் சொல்ல முடியாத நிலை. ஒருவர் பட்ட அனுபவம் மற்றவருக்குப் பாடமாக வேண்டுமாயின் இருவரும் ஒரே அலகில் பேசவேண்டும். அதற்கு எல்லைகடந்த கூட்டம் வேண்டும்.

கதிரியலாளரின் முதலாவது சர்வதேசப் பேராயம் 1925 இல் இலண்டனில் கூடியது. இரண்டாவது 1928 இல் ஸ்டொக்ஹோமில். ஒன்றையொன்று கொன்று ஓய்ந்து பத்தாண்டே ஆன நாடுகளின் மருத்துவர்களும் பௌதிகவியலாரும் அங்கே இரு காரியங்களை முடித்தார்கள். 'றொண்ட்கன்' என்ற பொது அலகை ஏற்றார்கள். எக்ஸ்-கதிர், ரேடியப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு ஒன்றை நிறுவினார்கள்.

அந்தக் குழுவின் முதற் பரிந்துரைகளைத் தொழிலாளர் பிரச்சினையில் அக்கறையுள்ள ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும். ஈயத் தகட்டின் தடிப்புப் பற்றிப் பேசியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கதிரோடு வேலை செய்பவர் நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது; ஞாயிற்றுக்கிழமையும், வாரத்தில் இரண்டு அரைநாட்களும் ஓய்வு வேண்டும்; அந்த ஓய்வைக் கூடுமானவரை வெளிக்காற்றில் கழிக்கவேண்டும்; ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறை வேண்டும். 1921 இல் பிரித்தானியாவில் அமைந்த குழுவொன்று காட்டிய வழியிலேயே இவை வகுக்கப்பட்டன. எட்டு மணி நேர வேலைக்காகச் சிக்காகோவிலும் பிற நகரங்களிலும் தொழிலாளர் இரத்தம் சிந்தினர்; 1919 இல்தான் சர்வதேசத் தொழில் அமைப்பின் முதலாவது உடன்படிக்கை அந்த எட்டு மணியை ஒப்புக்கொண்டது. ஒன்பது ஆண்டுகளில் கதிரியலாளர் ஏழு மணிக்கு வந்துவிட்டார்கள்!

இவ்வளவு விரைவாக இது எவ்வாறு நிகழ்ந்தது? மேசையைச் சுற்றியிருந்த தொழிலின் தலைவர்கள் தம் தோழரின் விரல்கள் போனதைக் கண்டவர்கள். சிலர் தம் கையிலேயே தழும்பு சுமந்தவர்கள். கூலி கொடுப்பவனுக்கும் உழைப்பவனுக்கும் உடல் ஒன்றாயிருந்த இடத்தில் விதி விரைந்து பிறந்தது. அதே காலத்தில், எங்கள் தீவின் மலைநாட்டுத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்றைச் சட்டம் ஏற்றுக்கொண்டதே 1927 இல்தான். அங்கே குளிரில் நனைந்த உடல் தோட்டத் துரையின் உடலன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவை பரிந்துரைகளே; சட்டங்கள் அல்ல. 1934 இல் நாளொன்றுக்கு 0.2 றொண்ட்கன் என்ற தாங்கும் அளவைக் குழு வகுத்தபோதும், எண்ணியது பெரும்பாலும் ஊழியரின் உடலையே. படம் எடுக்கப்படும் நோயாளியைப் பற்றிய கேள்வி உரிய இடத்துக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. 1936 இல் ஜெர்மன் கதிரியல் சங்கம் ஹாம்பேர்க் நகரத்து வைத்தியசாலை வளவில் கதிருக்கு இரையானோர் நினைவாக ஒரு கல் நாட்டியது. நாற்றிசையிலும் இனப்பகை கொழுந்துவிட்ட நாட்டில், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள், பல நாட்டவருடையவை, ஒரே கல்லில் பொறிக்கப்பட்டன. அந்த எண்ணிக்கை பின்னர் முந்நூற்றைம்பதைக் கடந்தது.

1937 இல் சிக்காகோவில் கூடிய பேராயத்துக்குப் பின் 1950 இல் இலண்டனில் கூடும்வரை பதின்மூன்று ஆண்டு இடைவெளி. காரணத்தைச் சொல்லவேண்டியதில்லை. அணுகுண்டைக் கண்டுவிட்ட உலகில் பழைய பாதுகாப்புக் குழு புதுப் பெயரோடு மீண்டும் அமைந்தது. 1953 இல் கொப்பன்ஹேகனில் சர்வதேசக் கதிரியற் சங்கம் நிறுவப்பட்டது.

இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். தமிழர் வாழும் நிலத்தில் இக்கல்வி வேரூன்றிய இடம் சென்னை அரசினர் பொது வைத்தியசாலை. அங்கே கப்டன் பார்னார்ட் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால் எழுந்த கதிரியல் நிலையம் 1934 மார்ச்சில் திறக்கப்பட்டது. அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. 1931 இல் இந்தியக் கதிரியற் சங்கமும் 1947 இல் அதன் ஆங்கில ஏடும் தோன்றின. பார்னார்டுக்குப் பின் நிலையத்தை நடத்திய பி. ராமராவ் போன்றோர் காலத்தில், கடல் கடந்து போய்க் கற்கவேண்டியிருந்ததைச் சென்னையிலேயே கற்கும் நிலை வளர்ந்தது. ஆட்சியாளன் கட்டிய கட்டடமாயினும் அதனுள்ளே கற்றவன் நம் மண்ணின் மகன். 1998 இல் இருபதாவது சர்வதேசப் பேராயம் புதுடில்லியில் கூடியபோது, விருந்தினராய் இருந்தவர் வீட்டுக்காரரானார்.

கற்ற மொழி எது என்பதே என் மனத்தை உறுத்தும் கேள்வி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் பயிற்றிய அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் பின்னாளில் தம் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தார். கிறே என்பவரின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இல் வெளிவந்தது. அதாவது, உயிருள்ள மனிதனின் எலும்பைக் கண்ணால் காண்பதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த எலும்புகளைத் தமிழில் கற்பிக்க நூல் இருந்தது. கிறீன் 1884 இல் காலமானார். அவர் மிஷனரி, அவர் நோக்கத்தில் மதமும் கலந்திருந்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு நாட்டின் அறிவு இன்னொரு நாட்டுக்குப் போகும்போது எந்த மொழியில் இறங்கவேண்டும் என்பதில் அவர் நம் பட்டதாரிகள் பலரைவிடத் தெளிவாக இருந்தார்.

கதிரியற் சங்கங்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் நிறைவு தரும் பகுதி பேராயங்கள் அன்று. 1970 களில் தொடங்கிய ஒரு சிறு முயற்சி. உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு எக்ஸ்-கதிர்ப் படம் எட்டாப் பொருள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரிய கருவிகள் ஏழை நாடுகளுக்குப் போய்ப் பழுதாகித் துருப்பிடித்துக் கிடந்தன. பழுது பார்க்க ஆளில்லை, மின்சாரம் நிலையாயில்லை. அப்போது பல நாட்டுக் கதிரியலாளர் கூடித் தலைகீழாகச் சிந்தித்தனர். சிற்றூர் வைத்தியசாலைக்கு வேண்டிய படங்கள் எவை? பெரும்பாலும் நெஞ்சும் எலும்புமே. அப்படியானால் அவற்றுக்கு மட்டும் போதுமான கருவியைச் செய்தால் என்ன? அவ்வாறே 'அடிப்படைக் கதிரியல் அமைப்பு' வகுக்கப்பட்டது. கதிர்க் குழாயும் படச்சட்டமும் ஒரே புயத்தின் இரு முனைகளிலும் இறுகப் பொருத்தப்பட்டிருந்தன. இடைத்தூரம் எப்போதும் 140 சென்ரிமீற்றர். புயத்தைச் சுழற்றலாம், தூரத்தைப் பிசக முடியாது. மின்சாரம் நின்றாலும் மின்கலத்தில் ஓடும்.

கருவியோடு நூல்களும் வந்தன. படம் எடுப்பது எவ்வாறு, இருட்டறையில் அதைக் கழுவுவது எவ்வாறு, கதிரியல் நிபுணர் இல்லாத இடத்தில் பொது மருத்துவர் அதைப் படிப்பது எவ்வாறு என்று மூன்று கைந்நூல்கள் 1985, 1986 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பாமர், ஹோம் முதலிய பெயர்பெற்ற நிபுணர்கள், நிபுணர் இல்லாத இடத்துக்காக எழுதினார்கள். தொழிலின் இரகசியத்தைத் தொழிலுக்கு வெளியே இருப்பவனிடம் ஒப்படைப்பதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும். சங்கங்களுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பும் தயக்கமும் இருந்தன. 'மலிவுப் பதிப்பு' ஏழைகளுக்கா என்ற கேள்வியும் எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஆனால் துருப்பிடித்த உயர்ந்த கருவியைவிட ஓடுகின்ற எளிய கருவி மேலானது என்பதைப் பாதைக்காகக் காத்திருந்தவன் அறிவான். கருவி விற்போருக்கு அதில் பெரும் இலாபமில்லை என்பதால், அது பரவவேண்டிய அளவுக்குப் பரவவில்லை.

நம் நாட்டில் 1980 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நிபுணர்களை உருவாக்கி வருகிறது. பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் அவர்கள் வெளிநாட்டு வைத்தியசாலையில் பணிசெய்து திரும்பவேண்டும். இதுவும் சர்வதேச ஒத்துழைப்பே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளியேறிய மருத்துவர் பலராவர். ஏழை நாடு இலவசக் கல்வியால் வளர்த்த கண்கள் செல்வ நாட்டின் படங்களைப் படிக்கின்றன. போனவரைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இக்கொடுக்கல் வாங்கலின் கணக்கை எந்தப் பேராயம் எடுக்கப்போகிறது என்றே கேட்கிறேன். 2012 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 8 ஆம் நாளைச் சர்வதேசக் கதிரியல் தினமாகச் சங்கங்கள் கொண்டாடுகின்றன.

எங்கள் ஊரில் பழுப்புநிற உறையோடு ஆசிரியரைத் தேடி வருபவர் உண்டு. கடந்த பெரும்போகத்தின்போது உழவு இயந்திரத்திலிருந்து விழுந்த பெரியவர் ஒருவர் வந்தார். படத்தை என் முன் வைத்து, "சேர், இதில என்ன எழுதிக்கிடக்கு? கை இனி வருமா?" என்றார். ஒரு வரி ஆங்கிலம்; 'கிளவிக்கிள்' என்ற சொல் அதில் இருந்தது. தமிழ் படித்த எனக்கு அது உடனே விளங்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விஞ்ஞான நூலை வாங்கிப் பார்த்து, "காறையென்பு ஐயா, கையில்லை, தோளோடு சேர்ந்தது, ஒட்டிவிடும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்" என்றேன். படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பின்பு மறுகையால் தம் தோளைத் தடவி அந்த எலும்பைத் தேடினார்.