அடி யார் முதுகில் விழுந்தது? ஸ்னோமொபைல் பின் ஷாக்கின் கதை

இன்றைய எபிசோட் ஒரு உதிரி பாகத்தைப் பற்றியது. ஸ்னோமொபைல், அதாவது பனி மேல ஓடுற வண்டி, அதோட பின்பக்க ஷாக் அப்சார்பர். பனியையே பார்க்காத நமக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. பைக்ல போகும்போது தெரியாம ஒரு பள்ளத்துல இறக்கியிருப்பீங்க இல்லையா? அப்போ இடுப்புல சுரீர்னு ஒண்ணு ஏறும். அந்த "சுரீர்"தான் இன்றைய விஷயம். வண்டி வாங்கிக்க வேண்டிய அடியை மனுஷன் எத்தனை வருஷம் வாங்கினான், அதை மாற்றினது யாரு, மாறினது யாருக்கு? இதுதான் கதை.

முதல்ல வண்டியைக் கொஞ்சம் புரிஞ்சுக்கலாம். ஸ்னோமொபைலுக்குச் சக்கரம் கிடையாது. முன்னாடி ரெண்டு ஸ்கீ, சறுக்குப் பலகை மாதிரி. பின்னாடி அகலமான ஒரு ரப்பர் பெல்ட். அதுக்கு ட்ராக்னு பேரு. எஞ்சின் அந்த ட்ராக்கைச் சுத்துது, வண்டி ஓடுது. ஓட்டுறவர் உட்கார்ந்திருப்பது அந்த ட்ராக்குக்கு மேலே. ட்ராக்குக்கு உள்ளேதான் பின் சஸ்பென்ஷன் ஒளிஞ்சிருக்கு. இன்றைய வண்டிகளில் அங்கே பெரும்பாலும் ரெண்டு ஷாக் இருக்கும். அதில் பின்னால் இருப்பதுதான் ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது. அது சரியா வேலை செய்யலைன்னா, அடுத்து அடியை வாங்க இருப்பது முதுகெலும்பு மட்டும்தான்.

ஒரு அப்பாவின் பட்டறை

கனடாவில் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சிற்றூர். அங்கே மெக்கானிக்காக இருந்தவர் ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. ஆஸ்பத்திரி சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலை முழுக்கப் பனி. பட்டறையில் ஓடுற நிலைமையில் ஒரு பனிவண்டி இல்லை. குழந்தை இறந்துபோனது.

அதுக்கு முன்னாடியே பனிவண்டி செய்யணும்ங்கிற ஆசை அவருக்கு இருந்தது. பதினைந்து வயசிலேயே ஒன்று செய்து பார்த்தவர். மகன் இறந்த பிறகு வேலை வேகமெடுத்தது. பல் சக்கரமும் ட்ராக்கும் சேர்ந்த இயக்க முறைக்கு 1937-ல் காப்புரிமை வாங்கினார். ஏழு பேர் போகும் பி7, பிறகு பன்னிரண்டு பேர் போகும் பி12. இவை ஆம்புலன்ஸாகவும் பள்ளிக்கூட வண்டியாகவும் ஓடின. 1948-ல் கியூபெக் அரசு சாலைகளில் பனியை அள்ளுவதைச் சட்டமாக்கியது. சாலை திறந்ததும் பெரிய பனிவண்டிகளுக்கான தேவை சரிந்தது. அவர் சின்ன வண்டி பக்கம் திரும்பினார். 1959-ல் ஸ்கீ-டூ வந்தது. முதல் வருஷம் விற்றது 225 வண்டிகள்.

அந்த வருஷமே பொம்பார்டியே ஒரு ஸ்கீ-டூவை எடுத்துக்கொண்டு வடக்கு ஒன்டாரியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற பூர்வகுடிக் குடியிருப்புக்குப் போனார். அங்கே அவருடைய நண்பரான ஒரு பாதிரியார் இருந்தார். நாய்கள் இழுக்கும் வண்டிக்குப் பதிலா இது ஓடுமான்னு பார்க்கணும். ஓடியது. இதைக் கவனிங்க. இந்த வண்டி பிறந்தது விளையாட்டுக்காக இல்லை. வேற வழியில்லாதவங்க போய்வர்றதுக்காக.

மெதுவா போன வரைக்கும் சரி

முதல் ஸ்கீ-டூவின் எஞ்சின் ஏழு குதிரைத்திறன் வாக்கில்தான். பின் சஸ்பென்ஷன் என்பது ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன சக்கரங்களின் வரிசை. போகி சக்கரம் என்பார்கள். ஷாக் அப்சார்பர் கிடையாது. சீட்டில் இருந்த ஃபோம்தான் மெத்தை, ஷாக், எல்லாமே. பனியில் மெதுவாகப் போகும் வண்டிக்கு அது போதும்.

ஆனா வண்டி மெதுவா போறதோட நிக்கலை. 1971 வாக்கில் வட அமெரிக்காவில் ஒரே சீசனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் ஸ்னோமொபைல்கள் விற்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். எஞ்சின் வருஷா வருஷம் பெரிசாகிக்கொண்டே போனது. பின் சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது.

விளைவு எக்ஸ்ரேயில் தெரிந்தது. பனிமேட்டில் ஏறி, காற்றில் பறந்து, உட்கார்ந்தபடியே தரையில் இறங்கியவர்களுக்கு முதுகெலும்பின் கட்டைகள் நசுங்கி உடைந்தன. ஸ்னோமொபைலில் வரும் முதுகெலும்புக் காயங்களை ஆராய்வதற்கென்றே 1971-ல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து வண்டி விழுகிறது. சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய தூரம் 10 சென்டிமீட்டர்தான் என்றால், நிற்கும்போது சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பைப்போல 10 மடங்கு. அதே விழுதலில் 40 சென்டிமீட்டர் அமுங்க இடம் கொடுத்தால் அது இரண்டரை மடங்காகக் குறையும். உயரமும் அதே, ஆளும் அதே. நிற்பதற்குக் கிடைத்த இடம்தான் வேறு. சஸ்பென்ஷன் வரலாறு முழுக்க இந்த இடத்துக்கான போராட்டம்தான்.

சறுக்கும் தண்டவாளம்

முதல் மாற்றம் 1960களிலேயே தொடங்கியது. மினசோட்டாவைச் சேர்ந்த ஆர்க்டிக் கேட் கம்பெனி, போகி சக்கரங்களை எடுத்துவிட்டு இரண்டு நீள தண்டவாளங்களை ட்ராக்குக்குள் வைத்தது. இதற்கு ஸ்லைட் ரெயில் என்று பெயர். தண்டவாளத்தின் அடியில் பிளாஸ்டிக் பட்டை. ட்ராக் அதன்மேல் சறுக்கிக்கொண்டு ஓடும். சறுக்குவதற்கு எண்ணெய்? தெறிக்கும் பனிதான். பனி குறைவான கடினத் தரையில் பிளாஸ்டிக் சூடாகி உருகிவிடும். அதனாலதான் போகிக்கும் ரொம்ப நாள் ஆதரவாளர்கள் இருந்தாங்க.

ஸ்லைட் ரெயிலின் உண்மையான லாபம் வேறு. முழுத் தண்டவாளமும் ஒரே உடம்பா மேலும் கீழும் போகுது. அதை இரண்டு கைகள் வண்டியோட இணைக்குது. அந்தக் கைகளுக்கு ஸ்பிரிங் போடலாம், ஷாக் போடலாம். பின் ஷாக்குக்கு ஒழுங்கான ஓர் இடம் கிடைத்தது இப்படித்தான்.

நுரை தள்ளிய எண்ணெய்

இடம் கிடைத்தால் போதுமா? ஷாக் நல்லா இருக்கணுமே. ஸ்பிரிங் அடியை வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் திருப்பிக் கொடுத்து ஆளைத் தூக்கி எறியும். ஷாக்கின் வேலை அந்தச் சக்தியை எண்ணெயின் வழியே சூடாக்கித் தீர்ப்பது. சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போகும்போது வேகம் வெப்பமாக மாறுகிறது.

பழைய ஷாக்குகளில் எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருந்தன. கரடுமுரடான பாதையில் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டினால் இரண்டும் கலந்து நுரைக்கும். நுரைக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. காலையில் கிளம்பும்போது கல் மாதிரி இருக்கும், ஏன்னா கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாயிடும். பாதை சூடு பிடித்ததும் தொளதொளன்னு ஆயிடும்.

இதற்கான தீர்வு பனிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து வரவில்லை. கிறிஸ்டியன் பூர்சியே தெ கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர் எண்ணெயையும் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்தார். ஒரு பக்கம் எண்ணெய், இன்னொரு பக்கம் அழுத்தம் ஏற்றிய நைட்ரஜன். கலக்கவே வழியில்லை. 1957-ல் ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி இந்த முறையை மெர்சிடிஸ் கார்களுக்குக் கொண்டுபோனது.

அங்கிருந்து அது மோட்டோகிராஸ் பைக்குகளுக்குத் தாவியது. லூசியன் டில்கென்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர், பின்சக்கரத்துக்கு இரண்டு ஷாக் வைப்பதற்குப் பதில் வாயு நிரப்பிய ஒரே நீள ஷாக்கை வைத்தார். யமஹா அந்த உரிமையை வாங்கியது. 1973-ல் ஹோகன் ஆண்டர்சன் அந்த பைக்கில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். இன்னைக்கு நீங்க சர்வசாதாரணமா சொல்ற "மோனோஷாக்" பிறந்த கதை இதுதான். யமஹா 1968 முதலே ஸ்னோமொபைலும் செய்துகொண்டிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் ஷாக் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் கிளம்பினார்கள். அமெரிக்காவில் பாப் ஃபாக்ஸ், ஸ்வீடனில் 1976-ல் கென்த் ஓலின். இருவரும் மோட்டோகிராஸிலிருந்து வந்தவர்கள். இருவரின் பெயர் கொண்ட ஷாக்குகளும் பிறகு ஸ்னோமொபைலுக்கு வந்தன. வெறும் குழாயாக இருந்த பாகம், கழற்றிப் பிரித்து, எண்ணெய் மாற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளை மாற்றி, ஆளுக்கேற்றபடி திருத்தக்கூடிய ஒன்றாக மாறியது.

முன்னால் போனது, பின்னால் துரத்தியது

1970களின் கடைசியில் போலாரிஸ் கம்பெனி தன் பந்தய வண்டிகளில் இரண்டு ஸ்கீகளுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தது. 1980 வாக்கில் இன்டி என்ற பெயரில் அது கடைக்கும் வந்தது. இப்போ முன்பக்கம் மேடுபள்ளத்தை விழுங்கிட்டுப் போகுது. பின்பக்கம்? அதுவும் கூடவே வந்தாகணும். அதன்பிறகு பின் சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம் படிப்படியாகக் கூடியது. இன்றைய சில வண்டிகளில் அது 16 அங்குலம், கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர். மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கா?

1998-ல் ஸ்னோகிராஸ், அதாவது பனியில் நடக்கும் மோட்டோகிராஸ், விண்டர் எக்ஸ் கேம்ஸில் சேர்ந்தது. பறந்து இறங்குவதே அங்கே விளையாட்டு. மோட்டோகிராஸ் பின்னணியோடு வந்த கனடா வீரர் பிளேர் மோர்கன், உட்காராமல் நின்றபடி ஓட்டிக் காட்டினார். ஸ்கீ-டூ அந்த ஓட்டத்துக்கு ஏற்ற ஒரு வண்டியைச் செய்தது. 2003 மாடலாகக் கடைக்கு வந்த ரெவ். அதில் பெரிய மாற்றம் ஷாக்கில் கூட இல்லை, ஆள் உட்காரும் இடத்தில். ஓட்டுபவரைப் பின் சஸ்பென்ஷனின் உச்சியிலிருந்து முன்னால் நகர்த்தி, எழுந்து நிற்க வசதி செய்தார்கள். பின்பக்கம் எகிறும்போது உதை இடுப்புக்கு நேராக வருவது குறைந்தது. முழங்காலும் ஒரு ஷாக் அப்சார்பர்தானே.

காசு கொடுத்தால் கிடைக்கும் முதுகு

இன்றைக்கு ஷோரூமுக்குப் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். ஒரே எஞ்சின், ஒரே உடல், ரெண்டு விலை. வித்தியாசத்தில் நல்ல பங்கு ஷாக்குக்குப் போகிறது. மலிவான வண்டியில் பிரிக்க முடியாத சாதா ஷாக். விலை கூடியதில் தனி எண்ணெய்த் தொட்டியும் திருகிச் சரிசெய்யும் குமிழ்களும் உள்ள ஷாக். அதுக்கும் மேலே போனா, ஓடும்போதே தானாக இறுக்கம் மாற்றும் மின்னணு ஷாக். பின் ஷாக்கை அப்கிரேட் பண்றதுன்னு தனி வியாபாரமே இருக்கு. ஆனா அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்லும் வரிசை ரொம்ப எளிமையானது. முதல்ல உங்க எடைக்கு ஸ்பிரிங் சரியான்னு பாருங்க. அடுத்து பழைய எண்ணெயை மாத்துங்க. அதுக்கப்புறமும் திருப்தி இல்லன்னா புது ஷாக் வாங்குங்க.

சரி, அந்த முதல் பயனாளிகள் என்ன ஆனாங்க? வேலைக்காக ஓட்டியவங்க?

வடக்கு ஐரோப்பாவில் சாமி என்றொரு பூர்வகுடி மக்கள் இருக்காங்க. ரெயின்டீர் மந்தை வளர்ப்பது அவர்களில் பலருடைய பரம்பரைத் தொழில். 1960களில் அங்கே ஸ்னோமொபைல் நுழைந்தது. பெர்த்தி பெல்தோ என்ற மானுடவியலாளர் ஃபின்லாந்தின் செவெத்தியார்வி பகுதியில் நடந்ததை 1973-ல் புத்தகமாக எழுதினார். பத்தே வருஷத்தில் தொழில் தலைகீழாக மாறியது. வண்டிக்கும் பெட்ரோலுக்கும் காசு இல்லாதவர்கள் மந்தைத் தொழிலை விட்டே ஒதுங்க வேண்டியிருந்தது என்று அவர் காட்டினார். வண்டி வாங்க முடிந்தவர்களும் தப்பவில்லை. நாள் முழுக்க, சீசன் முழுக்க, பாதையே இல்லாத நிலத்தில் ஓட்டுகிறவர்களின் முதுகு வலியும் கழுத்து வலியும் பிற்பாடு ஆய்வுகளுக்கே பொருளாயின.

2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. வேலையில் உடம்பு முழுக்க வாங்கும் அதிர்வுக்கு எட்டு மணி நேரக் கணக்கில் உச்சவரம்பு 1.15 மீட்டர்/விநாடி². 0.5-ஐத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்கணும். நல்ல விதி. ஆனா அது யாருக்கு? முதலாளியிடம் வேலை பார்ப்பவர்களுக்கு. தன் மந்தையைத் தானே மேய்க்கிறவருக்கு முதலாளி யாரு? அவரேதான். வண்டியும் அவர் காசு, ஷாக்கும் அவர் காசு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பறந்து விளையாடுறவருக்கு 40 சென்டிமீட்டர் சொகுசு. தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுறவருக்குப் பெரும்பாலும் சாதா ஷாக் போட்ட சுமை வண்டி. இதுக்குத் தேவையான தொழில்நுட்பம் 1957-லிருந்தே கடையில் இருக்கு. குறை கண்டுபிடிப்பில் இல்லை, விலைப்பட்டியலில் அது எந்த வரியில் இருக்கு என்பதில்தான். ஒரு வண்டியைப் பற்றி யாராவது உங்ககிட்ட பெருமையா சொன்னா எத்தனை குதிரைத்திறன்னு மட்டும் கேட்காதீங்க. அடியை வாங்கிக்கிறது யாருன்னும் கேளுங்க.