தமிழ் விவிலிய இணையத்தளங்கள்

தமிழ் விவிலிய இணையத்தளங்கள் என்பவை கிறித்தவத் திருநூலின் தமிழ் மொழிபெயர்ப்புகளைக் கணினியிலும் கைபேசியிலும் படிக்கவும், அவற்றுள் சொற்களையும் வசனங்களையும் தேடவும் உதவும் தளங்கள் ஆகும். அச்சு நூல்களில் இப்பணியைச் சொல்லடைவுகள் செய்து வந்தன.

பின்னணி

தரங்கம்பாடியில் 1706 இல் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, அங்கேயே 1715 இல் முழுமையாக அச்சேறியது. பின்னர் பப்ரிசியுசு புதிய மொழிபெயர்ப்பு ஒன்றை அளித்தார். ஹென்றி பவர் தலைமையில் திருத்தி அமைக்கப்பட்டு 1871 இல் வெளிவந்த பதிப்பே இன்று 'பழைய பதிப்பு' எனப் புராட்டசுதாந்து சபைகளில் பெரிதும் வழங்குகிறது. கத்தோலிக்கரும் புராட்டசுதாந்தினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு, 'திருவிவிலியம்' என்ற பெயரில் 1995 இல் வெளியானது.

உலக அளவில், அமெரிக்காவின் கால்வின் கல்லூரியில் 1993 இல் தொடங்கிய பைபிள் கேட்வே இத்துறையின் முன்னோடித் தளங்களுள் ஒன்று. தமிழ் உரைகள் இணையத்தில் செம்மையாக நிலைபெற மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதற்குக் காரணம் மொழிபெயர்ப்பு இல்லாமை அன்று, எழுத்துருச் சிக்கலே.

எழுத்துருவும் குறியாக்கமும்

1990களின் இறுதியில் தமிழ்த் தளங்கள் தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைப் பயன்படுத்தின. தகுதரம் (திஸ்கி), 1999 இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகியவை பொதுக் குறியாக்கங்களாக முன்வைக்கப்பட்டன. உரிய எழுத்துரு நிறுவப்படாத கணினியில் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தேடுபொறிகளுக்கும் அது தமிழாகத் தெரியாது. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தாலும், விண்டோசு 2000 இயங்குதளமே லதா எழுத்துருவுடன் அதனை ஆதரித்தது. விண்டோசு எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியைத் தனியே நிறுவ வேண்டும். பெரும்பாலும் இயங்குதளக் குறுந்தகடும் தேவைப்படும். உலாவல் மையத்துக்குச் சென்று படிப்பவரால் இதைச் செய்ய இயலாது. எ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளும் எழுத்துரு மாற்றிகளும் பரவிய பின்னரே நிலைமை மாறியது. ஒருங்குறிக்கு மாற்றப்படாத பழைய பக்கங்கள் பல, அவற்றைத் தாங்கிய இலவச வழங்கிகள் மூடப்பட்டபோது மறைந்துபோயின.

தேடலின் சிக்கல்கள்

இத்தளங்களின் தரவுத்தளம் பொதுவாக நூல், அதிகாரம், வசனம் என்ற மூன்று எண்களை அடிப்படையாகக் கொண்டது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீவன் லாங்டனாலும், புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551 இல் இராபர்ட் எசுத்தியேனாலும் வகுக்கப்பட்டவை. எனவே வசன எண்ணை அறிந்தவருக்குத் தேடல் எளிது. சொல்லை மட்டும் அறிந்தவருக்கே இடர்ப்பாடு.

தமிழ் ஒட்டுநிலை மொழி. 'அன்பு' என்று தேடினால் 'அன்பின்', 'அன்பே' ஆகியவை கிடைப்பதில்லை. இறுதி உகரம் கெட்டு வேறு உயிர்க்குறி வந்துவிடுகிறது. 'அன்ப' என்று சுருக்கினால் 'அன்பர்' என்பதும் சேர்ந்து வரும். 'மரம்' என்ற தேடலில் 'மரத்தின்' அகப்படாது. 'கல்' என்ற தேடலிலோ 'பகல்' அகப்படும். உருபனியல் பகுப்பாய்வின்றி எழுத்துச்சரங்களை மட்டும் ஒப்பிடும் தளங்கள் அனைத்திலும் இக்குறை உண்டு.

கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றும் உள்ளது. 'கொ' என்பதை ககரத்துடன் ஒரே உயிர்க்குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் ஒருங்குறியில் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றே, கணினிக்கு வேறு. உரையையும் தேடுசொல்லையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்காவிடில், இருக்கும் சொல்லையே தளம் 'இல்லை' என்று கூறும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டச்சு செய்யும் வழக்கத்தை இந்த இயல்பாக்கம் கூடச் சரிசெய்யாது.

இரு மரபுகளின் சொற்கள்

பழைய பதிப்பில் ஆதியாகமம், யாத்திராகமம், அப்போஸ்தலர் நடபடிகள் என்பவை திருவிவிலியத்தில் முறையே தொடக்க நூல், விடுதலைப் பயணம், திருத்தூதர் பணிகள் ஆகும். ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆகிறது. பரிசுத்த ஆவி தூய ஆவி ஆகிறது. ஆகவே திருவிவிலியத்தில் பழகியவர் பழைய பதிப்பு மட்டும் உள்ள தளத்தில் 'திருமுழுக்கு' என்று தேடினால் ஒரு முடிவும் வராது. அச்செய்தியே அந்நூலில் இல்லை என்று மாணவர் ஒருவர் எண்ணிவிடக்கூடும். நூல்களின் எண்ணிக்கையும் வேறுபடும்: புராட்டசுதாந்து பதிப்பில் 66, கத்தோலிக்கப் பதிப்பில் 73.

பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் எனத் தொடரும் சென்னையின் தென் புறநகர்களில் இவ்விரு மரபினரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டு சொல்வழக்குகளும் ஒரே வகுப்பறையில் கேட்கக்கூடியவை. ஒருபொருட்சொற்களை இணைத்துத் தேடும் வசதி இத்தகையோருக்கே மிகுதியும் தேவை. அதனை அமைப்பது நிரலாக்கத்தில் கடினமன்று. இணைச்சொற்பட்டியலைப் பொறுமையாகத் தொகுப்பதே பெரிய வேலை.

உரிமையும் கிடைப்பும்

1871 ஆம் ஆண்டு உரையின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. தன்னார்வலர் தளங்களில் பழைய பதிப்பு மிகுந்து காணப்படுவதற்கு இது முக்கிய காரணம். பைபிள் கேட்வே தளத்தில் எளிய நடைத் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று உள்ளது. 2008 இல் கைபேசிச் செயலியாக வெளிவந்த யூவெர்சனில் பழைய பதிப்பு உட்படப் பல தமிழ் உரைகள் கிடைக்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் திருவிவிலியத்தின் உரை நூல்வாரியாகத் தட்டச்சு வடிவில் உள்ளது. 'இந்தியன் ரிவைசுடு வெர்சன்' என்ற அண்மைய தமிழ் உரை படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளதால், தேடல் மென்பொருள் எழுத விரும்பும் மாணவர்கள் அதனைத் தரவிறக்கித் தடையின்றிப் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிடுவதும், மாற்றங்களை அதே உரிமத்தில் வெளியிடுவதும் கட்டாயம்.