வரிசை வாசிப்பும் வாசக நூலும்

1519 ஜனவரி 1 அன்று சூரிக் கிராஸ்மூன்ஸ்டர் ஆலயத்தில் சீர்திருத்தவாதி ஸ்விங்லி, ஞாயிறுதோறும் குறிக்கப்பட்டிருந்த நற்செய்திப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு, மத்தேயுவைத் தலைமுறைப் பட்டியலிலிருந்தே வரிசையாக விளக்கத் தொடங்கினார். 1969இல் வெளிவந்த கத்தோலிக்க வாசக நூலோ, மூன்றாண்டுச் சுழற்சியில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் உரிய பகுதியை வகுத்துத் தந்தது. முன்னது பட்டியலை உதறியது. பின்னது பட்டியலைப் புதுப்பித்தது. எனினும் இரண்டும் மறையுரையாளரின் விருப்பத்துக்கு இடம் தருவதில்லை. 1538இல் ஜெனீவாவிலிருந்து வெளியேற்றப்பட்ட, ஸ்விங்லியைப் போலவே வரிசையாக விளக்கிய சீர்திருத்தவாதி கால்வின், 1541இல் திரும்பியபோது தம்மைத் துரத்தியவர்களைச் சாட ஒரு வசனம் தேடவில்லை. விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். பங்கில் பூசல் மூண்ட வாரத்திலும் அந்த ஞாயிறுக்குரிய பகுதியையே எடுத்துப் பேசும் குருவுக்கும் அதே கட்டுப்பாடுதான்.

பொருளை எங்கே தேடுகிறார்கள் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். வரிசையாக வாசிப்பவர் முன்னும் பின்னும் பார்க்கிறார். வாசக நூலைப் பின்பற்றுபவர் பக்கவாட்டில், அதே நாளில் உடன் வாசிக்கப்படும் பகுதியைப் பார்க்கிறார்.

மூன்றாண்டுச் சுழற்சியில் மாற்கு நற்செய்திக்குரிய ஆண்டை எடுத்துக்கொள்வோம். பொதுக்காலம் 12ஆம் ஞாயிறு இயேசுவின் சொல்லுக்குக் கடல் அடங்குகிறது. 13ஆம் ஞாயிறு, சாகக் கிடக்கும் மகளுக்காக யாயிர் வருகிறார். இடையில் கெரசேனர் பகுதியில் தீய ஆவி பிடித்தவர் குணமான நிகழ்ச்சி, கடலில் பாய்ந்த பன்றிகளோடு, ஞாயிறு வாசகத்தில் விடுபட்டுப் போகிறது. வரிசை வாசிப்பாளர் அதைத் தாண்ட முடியாது. அக்கரை ஊரார் இயேசுவைப் போய்விடுமாறு வேண்டுகிறார்கள். இக்கரையில் யாயிர் வருமாறு வேண்டுகிறார். இந்த முரணை இழப்பது சிறிய இழப்பன்று.

ஆனால் 17ஆம் ஞாயிறு வாசக நூல் தன் வலிமையைக் காட்டுகிறது. யோவானின் அப்பம் பகிரும் நிகழ்ச்சிக்கு முன், இறைவாக்கினர் எலிசா இருபது வாற்கோதுமை அப்பங்களால் நூறு பேரை உண்பித்தது வாசிக்கப்படுகிறது. நான்கு நற்செய்தியாளருள் யோவான் மட்டுமே அப்பங்கள் வாற்கோதுமையாலானவை என்கிறார். எலிசாவின் பணியாளர் எழுப்பிய அதே ஐயத்தை அந்திரேயாவும் எழுப்புகிறார்; இரு இடத்திலும் உணவு மிஞ்சுகிறது. வரிசை வாசிப்பில் இந்த ஒப்புமை மறையுரையாளரின் நினைவாற்றலை நம்பி நிற்கும். இங்கே மக்கள் ஒரே திருப்பலியில் இரண்டையும் கேட்டுவிடுகிறார்கள்.

என்னை வியக்க வைப்பது இந்த இரு முறைகளின் உறவுதான். பழைய ஓராண்டுச் சுழற்சியில் மாற்கு அரிதாகவே ஒலித்தார். ஸ்விங்லிக்குச் சரியாக 450 ஆண்டுகள் கழித்து, வாசக நூலே பொதுக்காலத்தில் ஆண்டுக்கொரு நற்செய்தியைப் பெரும்பாலும் வரிசையாக வாசிக்க முற்பட்டது. ஸ்விங்லியும் தமது முறையைப் புதுமை என்று கருதவில்லை. மத்தேயுவுக்குத் தொண்ணூறு மறையுரைகள் விட்டுச்சென்ற பண்டைய திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தோமையே முன்னோடியாகக் காட்டினார்.

மாற்கு ஆண்டின் நடுவில் இந்த உறவு தெளிவாகத் தெரியும். 17 முதல் 21 வரை ஐந்து ஞாயிறுகள் மாற்குக்குப் பதிலாக யோவானின் ஆறாம் அதிகாரமே தொடர்கிறது. மூன்றாம் வாரமே சொல்வதற்குச் செய்தி தீர்ந்துவிட்டதாகத் தவிக்கும் குருவும் அப்போது ஸ்விங்லியின் இடத்தில்தான் நிற்கிறார். அந்தத் தவிப்பைப் பொறுத்துக்கொள்பவருக்குப் பலன் உண்டு. முதல் வாரத்தில் இயேசுவை அரசராக்கத் துடித்தது கூட்டம்; ஐந்தாம் வாரத்தில் சீடர்களிலேயே பலர் விலகிப் போகிறார்கள். ஐந்தாம் வார வாசகத்தை மட்டும் தனியே கேட்பவருக்கு, அந்த விலகல் எவ்வளவு தொலைவு என்பது எட்டாது.