திறந்த நிரலும் மூடிய ஊரும்



இணையத்தைப் பற்றி நம் மாணவர்களிடையே இன்று ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் முதலாளிகளின் கையில் இருக்கின்றன, நினைத்தால் நம் கணக்கை முடக்கிவிடுகிறார்கள், ஆகவே மூலநிரல் திறந்திருக்கிற, தலைமை என்று ஒன்று இல்லாத வலைகளுக்குப் போய்விட்டால் பேச்சுக்கு விடுதலை கிடைத்துவிடும் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்றுகொண்டு கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேசும் கருவி சொந்தமாக இருக்க வேண்டும் என்பது லினக்ஸ் வந்து நமக்குக் கற்றுக்கொடுத்த பாடமல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். காசில்லாதவனும் வாங்கலாம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்ட இதழ் அது. 1920இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தது. அடுத்தவர் பத்திரிகையில் ஒரு மூலை கேட்டு நிற்பதில்லை என்ற முடிவு அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது.

கணினிக் காலத்தில் இதே கேள்வியை அரசுக்குள்ளிருந்து எழுப்பியவர் சி. உமாசங்கர். எல்காட் நிறுவனப் பொறுப்பில் இருந்தபோது அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய தலித் ஐஏஎஸ் அதிகாரி. 2010 ஜூலையில், சாதிச் சான்றிதழ் பொய் என்ற குற்றச்சாட்டில் அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்புக் கிளம்பி ஆகஸ்டில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸுக்காகத்தான் அது நடந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு தலித் அதிகாரியைத் தொட வேண்டுமென்றால் கை எந்தக் காகிதத்தைத் தேடிப் போகிறது என்பதைக் கவனியுங்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸைத் திறந்து பார்த்தவர்கள் கைதூக்குங்கள் என்றால் இந்த அரங்கம் அமைதியாகிவிடும்!

2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கும் அதே நாட்களில் தடைக்கு உள்ளானது. நீலக்குறி யாருக்குக் கிடைக்கிறது என்பதிலேயே சாதி இருக்கிறது என்ற முழக்கம் எழுந்தது. பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். ஜெர்மனியில் ஓர் இளைஞர் 2016இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. யாரும் தம் சொந்த வழங்கியில் நிறுவி, மற்ற வழங்கிகளோடு இணைத்துக்கொள்ளலாம். யாரும் என்றால் உண்மையிலேயே யாரும்தான். அதே 2019இல் வெள்ளை இனவாதிகள் கூடும் 'காப்' தளம் இந்த நிரலை எடுத்துக்கொண்டது. டிரம்ப்பின் 'ட்ரூத் சோஷியல்' எழுந்ததும் இதன்மேல்தான். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்பதே கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரம். நிரலுக்குக் கட்சி கிடையாது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2015 தொடக்கத்தில் திருச்செங்கோட்டில் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகக் கிளம்பியவர்கள் அதன் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஊரெங்கும் கொடுத்தார்கள். செலவு குறைந்த, தலைமைத் தளம் தேவைப்படாத பரப்பல்தான். அதே ஆண்டு ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், ஆதிக்கச் சாதித் தோழியோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை செய்துகொள்வதாக அவரையே பேசவைத்து எடுத்த காணொளி கைபேசிகளில் சுற்றியது. பின்னர் தண்டிக்கப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்த மூன்று மாதங்களுக்கும் மேலாக வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளாக வந்துகொண்டே இருந்தார். அந்தப் பதிவுகளைப் பரப்பப் பெரிய நிறுவனம் எதுவும் முனைய வேண்டியிருக்கவில்லை. சங்கம், உறவுமுறை, தறிப்பட்டறை, ரிக் வண்டித் தொழில் என்று சாதிக்கு ஏற்கெனவே ஒரு வலை இருந்தது. மையமில்லாத வலைப்பின்னலை இந்தச் சமவெளியில் முதலில் கட்டியது சாதிதான். கைபேசி அதற்கு வேகம் கொடுத்தது, அவ்வளவே.

அதற்கு எதிராக நின்றது எது? கோயில் சிசிடிவியில் இருந்த பதிவு. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடிய வழக்கறிஞர் ப.பா. மோகன். விடாமல் நின்ற ஒரு தாய். வழக்கு நாமக்கல்லை விட்டு மதுரைக்குப் போன பிறகுதான் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை வந்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்த நிலையில், மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2023 ஜனவரியில் கோயிலுக்கே வந்து கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். ஜூனில் தண்டனையை உறுதி செய்தார்கள். உள்ளூர் கொடுக்காத நியாயத்தை ஊருக்கு வெளியே போய் வாங்க வேண்டியிருந்தது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கிராமக் குடியரசுகளைப் போற்றியவர்களிடம், கிராமம் அறியாமையும் குறுகிய பற்றும் நிறைந்த இடம் என்றார். வரைவு அரசியலமைப்பு கிராமத்தை ஒதுக்கித் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்றார். அதிகாரப் பரவலை அவர் வெறுத்தார் என்று இதைப் படிக்கக் கூடாது. அதிகாரம் கீழே இறங்கும்போது யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறது என்று கேட்டார். மாஸ்டடான் வழங்கி ஒவ்வொன்றும் ஓர் ஊர்தான். விதி எழுதுபவரும் அவரே, விலக்கி வைப்பவரும் அவரே என்று ஒரு நிர்வாகி இருக்கிறார். நல்ல நிர்வாகி அமைந்தால் நல்ல ஊர். இல்லையென்றால் வேறு வழங்கிக்குப் போய்விடலாம் என்பார்கள். ஊரைவிட்டுப் போ என்பதை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம்.

அதனால் கட்டற்ற மென்பொருள் வேண்டாம் என்பதல்ல. அச்சகத்தைக் கற்றுக்கொண்டதுபோல இதையும் கற்றுக்கொள்ள வேண்டும். ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ நம் பிள்ளைகள் நாளை ஒரு வழங்கி அமைத்தால் சில கேள்விகளை முதல் கூட்டத்திலேயே பேசித் தீர்க்கட்டும். கடவுச்சொல் எத்தனை பேர் கையில் இருக்கும், அதில் பெண்கள் எத்தனை பேர், அருந்ததியர் தோழர்கள் எத்தனை பேர்? விலக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவார்? மிரட்டல் வந்தால் அந்தப் பதிவை அழிக்காமல் நீதிமன்றம் ஏற்கும் விதத்தில் எடுத்து வைப்பது யார் பொறுப்பு? மாத வாடகை எங்கிருந்து வரும் என்பதும் அந்தக் கூட்டத்திலேயே முடிவாகட்டும். 'தமிழன்' ஒரு பைசா வாங்கித்தான் நடந்தது.